மங்கிய சுரங்களின் இரவு

1725இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு வந்திருந்த ஜெர்மானியக் குழல் கலைஞர் யோஹான் யோஆகிம் குவான்ட்ஸுக்கு ஓர் ஆசை. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த முதுபெரும் இசையமைப்பாளர் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டியைப் பார்க்க வேண்டும். ஸ்கார்லாட்டியிடம் அப்போது பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஹாஸ்ஸ, குவான்ட்ஸுக்கு நண்பர். அவர் குருவிடம் விஷயத்தைச் சொன்னார். ஊதும் வாத்தியக்காரர்களை எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியாதா, அவர்கள் எல்லோரும் சுருதி பிசகி வாசிப்பவர்கள் என்கிற பாணியில் பதில் வந்தது. ஹாஸ்ஸ விடவில்லை. கடைசியில் சந்திப்பு நடந்தது. கிழவர் தாமே ஹார்ப்சிகார்டில் உடன் வாசித்தார். பிறகு குவான்ட்ஸுக்காகக் குழல் உருப்படிகள் ஒன்றிரண்டு எழுதியும் கொடுத்தார். குவான்ட்ஸ் தன்வரலாற்றுக் குறிப்பில் பெருமையோடு பதிந்திருக்கும் சம்பவம் இது.

பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கிழவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்துக் குறுக்குக் குழல் உண்மையிலேயே கோணல் பிடித்த வாத்தியம். அதை வைத்துக்கொண்டு தந்திவாத்தியக் குழுவுக்கு எதிரே ஒருவரை நிறுத்தி கன்செர்ட்டோ எழுதுவது என்பது 1720களில் துணிச்சலான காரியம்தான். அப்படி எழுதப்பட்டவற்றில், அந்தக் கோணலைச் சமாளிக்காமல் அதையே கையில் எடுத்துக்கொண்ட ஒரு படைப்பு இருக்கிறது: அந்தோனியோ விவால்டியின் ‘லா நோத்தே’, அதாவது ‘இரவு’. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது. அதற்கு முன் வாத்தியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் இந்தக் குழலை மறுபடி வடிவமைத்தார்கள். ஒரே துண்டாக இருந்த மரக்குழாய் மூன்று துண்டுகளானது, பிறகு நான்காயிற்று. உட்புறத் துளை, ஊதும் பக்கத்திலிருந்து கீழே போகப் போகக் குறுகும்படி கடையப்பட்டது. விரலுக்கு ஆறு துளைகள். அடிப்பகுதியில், வலதுகைச் சுண்டுவிரலால் அழுத்தும் ஒரே ஒரு உலோகக் கீ. 1707இல் பிரெஞ்சுக் குழல் கலைஞர் ஓத்தெத்தேர் எழுதிய பயிற்சி நூல் இந்தக் குழலுக்கானதுதான்.

ஆறு துளைகளையும் மூடி ஊதினால் டி என்ற சுரம். கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் டி மேஜர் வரிசை தானாக வரும். அதுவரை சிக்கல் இல்லை. வரிசைக்கு இடையில் இருக்கும் அரைச்சுரம் வேண்டுமென்றால்தான் வேலை. உதாரணமாக, மேலிருந்து நான்கு துளைகளை மூடினால் எஃப் ஷார்ப். அதைவிட அரைச்சுரம் கீழே இருக்கும் எஃப் வேண்டுமானால், ஐந்தாவதைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஆறாவதை மூட வேண்டும். நடுவில் ஒரு துளை திறந்திருக்கக் கீழே ஒன்று மூடியிருப்பதால், குழாய்க்குள் அதிரும் காற்றுக்குத் தெளிவான எல்லை கிடைப்பதில்லை. சுரம் இறங்கும், கூடவே மங்கும். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல் போல ஆகிவிடும். எஃப் இப்படித்தான், ஜி ஷார்ப் அதைவிட நோஞ்சான். மிகக் கீழே உள்ள டிக்கு அடுத்த அரைச்சுரத்தை இப்படிக் குறுக்கு விரல் வைத்துப் பிடிக்கவும் வழியில்லை, மூடுவதற்கு அதற்குக் கீழே துளையே கிடையாது. அந்த ஒரே கீ அங்கே வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆக, இந்தக் குழலில் எல்லாச் சுரங்களும் ஒரே எடையில் வருவதில்லை. டி மேஜரிலும் ஜி மேஜரிலும் எழுதினால் பெரும்பாலும் திறந்த, பளிச்சென்ற சுரங்கள் கிடைக்கும். ஃபிளாட்டுகள் கூடக் கூட மங்கிய சுரங்கள் நடுவே வந்து விழும். ஒரே வரியில் ஒரு சுரம் வெயிலில் நிற்கும், பக்கத்துச் சுரம் நிழலில் நிற்கும். காற்றை அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதை ஒவ்வொரு சுரத்திலும் உதட்டாலும், குழலை உள்ளும் புறமுமாக லேசாக உருட்டியும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்கார்லாட்டியின் காதில் விழுந்தது இந்தப் போராட்டத்தில் தோற்றவர்களின் வாசிப்பாக இருந்திருக்கும்.

குவான்ட்ஸ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கோணலைத் திருத்துவதில் செலவிட்டார். 1726இல் பாரிஸில் இருந்தபோது, டி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் தனித்தனி ஒலி கிடைக்கும்படி இரண்டாவது கீயைச் சேர்த்தார். இன்றைய பியானோவில் அவை இரண்டும் ஒரே கட்டை. அவர் காதுக்கு அவை வேறு வேறு. 1741இல் பிரஷ்யாவின் இளம் மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் அவரை பெர்லினுக்கு வரவழைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 2000 தாலர் சம்பளம். எழுதும் உருப்படிகளுக்குத் தனிப் பணம். செய்து தரும் குழல் ஒவ்வொன்றுக்கும் 100 டுக்காட். அரசர் குவான்ட்ஸின் சீடர், அந்த உறவு பழையது. தந்தையார் முதலாம் ஃப்ரீட்ரிக் வில்லியத்துக்குக் குழலும் பிடிக்காது, மகன் குழல் ஊதுவதும் பிடிக்காது. இளவரசர் ஒளிந்து ஒளிந்துதான் கற்றுக்கொண்டார். ஒருமுறை தந்தை திடுமென்று வந்தபோது குவான்ட்ஸைச் சின்ன அறையொன்றுக்குள் தள்ளி மறைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

அந்த அரண்மனைக்காக குவான்ட்ஸ் எழுதிய குழல் கன்செர்ட்டோக்கள் ஏறத்தாழ 300. மன்னர் மாலைதோறும் அவற்றை வரிசையாக வாசிப்பார். 1772இல் போட்ஸ்டாமுக்குப் போன ஆங்கிலேய இசை வரலாற்றாளர் சார்ல்ஸ் பர்னி அப்படியொரு மாலையை நேரில் கேட்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் குவான்ட்ஸ் கையசைத்துக் காலப்பிரமாணம் கொடுப்பார்; தனி வாசிப்பு முடியும் இடங்களில் மன்னருக்கு ‘பிராவோ’ சொல்வார். அந்த அவையில் அப்படிச் சொல்லும் சலுகை அவருக்குத்தான்.

1752இல் வெளிவந்த குவான்ட்ஸின் குழல் நூலைப் படிப்பவர்களுக்கு, நூற்றாண்டுகள் தாண்டியும் அந்த மனிதரின் குணம் தெரியும். கன்செர்ட்டோ எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கடிகாரத்தை வைத்து அளவு சொல்கிறார்: முதல் பகுதி ஐந்து நிமிடம், மெதுவான நடுப்பகுதி ஐந்து முதல் ஆறு, கடைசிப் பகுதி மூன்று முதல் நான்கு. வேகத்தை எப்படி அளப்பது? ஆரோக்கியமான மனிதரின் நாடித்துடிப்பை நிமிடத்துக்கு எண்பது என்று கொண்டு, அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நாடி உத்தமமாம். நான்கு வயலின் இருந்தால் ஒரு வியோலா, ஒரு செல்லோ, நடுத்தர அளவில் ஒரு டபுள் பாஸ் என்று குழுவுக்கும் கணக்கு இருக்கிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவரின் தெளிவு அது. அதே நூலில் நமக்குத் தேவையான ஓர் எச்சரிக்கையும் உண்டு. குழலுக்குக் கடினமான சுரவரிசைகளில் அமைந்த உருப்படிகளை, அந்த வாத்தியத்தின் கஷ்டம் தெரிந்தவர்கள் முன்புதான் வாசிக்க வேண்டும், எல்லோர் முன்பும் வாசிக்கக் கூடாது என்கிறார். தெரியாதவர்களுக்கு அது வாத்தியத்தின் குணம் என்று புரியாது, வாசிப்பவரின் பிழையாகத்தான் படும்.

குவான்ட்ஸின் கன்செர்ட்டோக்களில் ஜி மேஜரில் அமைந்த ஒன்று இன்றும் மேடைகளில் அடிக்கடி வருகிறது. நன்றாக வெட்டிய துணி போல எல்லா மூலையும் சரியாகப் பொருந்தும். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் வாத்தியத்தை இவ்வளவு தெரிந்த ஒருவர், அதன் ஆபத்தான மூலைகளை ஏன் அதிகம் சீண்டவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாசிக்கப்போவது மன்னர் என்பது காரணமாக இருக்கலாம். அந்த மூலைக்குள் நுழைந்தவர் குழல் வாசிக்காத ஒருவர்.

விவால்டி வயலின்காரர். 1678இல் வெனிஸில் பிறந்தவர். 1703இல் பாதிரியாராகப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ‘ஒஸ்பெதாலே தெல்லா பியெத்தா’ என்ற காப்பகத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த அந்த இல்லத்தில் பெண்களுக்குத் தேர்ந்த இசைப் பயிற்சி கொடுத்தார்கள். மாடத்துக் கம்பித் தட்டிக்குப் பின்னால் அமர்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். வாசிப்பவர் முகம் தெரியாது, ஒலி மட்டும் வரும். குறுக்குக் குழல் இத்தாலிக்குச் சற்றுத் தாமதமாகவே வந்த வாத்தியம். அங்கே பழக்கத்தில் இருந்தது நேராகப் பிடித்து ஊதும் ரெக்கார்டர். 1728இல்தான் பியெத்தா இல்லம் குறுக்குக் குழலுக்கென்று இக்னாசியோ ஸீபர் என்ற ஆசிரியரை நியமித்தது. அவர் முன்பு அங்கேயே ஓபோ கற்றுக்கொடுத்தவர்.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1729ஐ ஒட்டி, ஆம்ஸ்டர்டாமில் மிஷேல் ஷார்ல் லெ சேன் என்ற பதிப்பாளர் விவால்டியின் பத்தாவது தொகுப்பை வெளியிட்டார். குறுக்குக் குழலுக்கும் தந்திகளுக்கும் ஆறு கன்செர்ட்டோக்கள். ஓர் இத்தாலியர் இந்த வாத்தியத்துக்காக அச்சில் கொண்டுவந்த முதல் கன்செர்ட்டோத் தொகுப்பாக இதைக் கருதுகிறார்கள். வெனிஸ்காரர் ஏன் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார் என்றால், அங்கே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள்; வெனிஸ் அச்சகங்களின் பழைய கோர்ப்பு எழுத்துகளைவிட வேகமான சுரக்கூட்டங்கள் அதில் தெளிவாக வந்தன. லெ சேனின் மாமனார் எஸ்தியேன் ரோஜே 1711இலேயே விவால்டியின் மூன்றாம் தொகுப்பை வெளியிட்டு ஐரோப்பா முழுவதும் அவர் பெயரைக் கொண்டுபோயிருந்தார். முழுச்சுரப்பிரதி என்று ஒன்று அச்சாகாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் புத்தகம். வாங்குகிறவர் நண்பர்களைக் கூட்டி அவரவர் புத்தகத்தைப் பிரித்து வைத்து வாசிக்க வேண்டியதுதான்.

அந்த ஆறில் பெரும்பாலானவை புதிதாக எழுதப்பட்டவை அல்ல. குழல், ஓபோ, வயலின், பஸ்ஸூன் என்று சிறு குழுவுக்காக முன்பே எழுதியிருந்தவற்றை எடுத்து, குழலும் தந்திகளுமாக மாற்றிக் கொடுத்தார். சந்தைக்குத் தேவை வந்தது, கையில் சரக்கு இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பாக், ஹாண்டல் எல்லோரும் செய்ததுதான். முதல் மூன்றுக்குப் பெயர்கள் உண்டு: ‘கடற்புயல்’, ‘இரவு’, கோல்ட்ஃபிஞ்ச் என்ற சிறு பாடும் பறவையின் பெயர் கொண்ட ‘இல் கார்தெல்லினோ’.

பறவைக்கு டி மேஜர். குழலின் சொந்த வீடு அது. எல்லாச் சுரமும் துள்ளி வருகிறது, பறவையின் கொஞ்சல் விரலுக்குச் சுலபமாகவே அமைந்துவிடுகிறது. புயலுக்கு எஃப் மேஜர். சிறு குழு வடிவத்தில் ஓபோவும் பஸ்ஸூனும் சேர்ந்து அலையை எழுப்பின. அச்சு வடிவத்தில் அத்தனை பாரமும் தந்திகள் மேல் விழ, குழல் அந்த அலைக்கு மேலே தத்தளிக்கிறது. சாதுர்யமான படைப்புதான், ஆனால் புயலைச் சொல்ல ஏற்ற வாத்தியம் குழல் இல்லை என்பதே என் கணிப்பு. ‘இரவு’ ஜி மைனரில் இருக்கிறது. பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், சுற்றி வளைத்து நகரும்போது ஏ ஃபிளாட் என்று மங்கிய சுரங்களாக வரும் இடம்.

இது வேண்டுமென்றே செய்ததா? இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. இதே படைப்பின் முந்தைய வடிவம், குழலோடு இரண்டு வயலின், பஸ்ஸூன் என்று அமைந்தது, துரின் நூலகத்தில் உள்ள விவால்டி கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது. அதுவும் ஜி மைனர்தான். குழலுக்குப் பதில் வயலினும் வாசிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. எனவே குழலின் மங்கலை மட்டும் மனத்தில் வைத்து சுரவரிசையைத் தேர்ந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஜி மைனர் இருண்ட மனநிலைக்கு அந்தக் காலத்தில் எல்லோரும் நாடிய வரிசையும்கூட. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும்போது வேறு வரிசைக்கு மாற்றும் வாய்ப்பு அவருக்கு இருந்தது, மாற்றவில்லை. குழலைப் பளிச்சென்று ஒலிக்க வைக்கத் தெரியாதவர் அல்லர் என்பதற்குப் பக்கத்திலேயே அந்தப் பறவை சாட்சி. குழலின் நிழலான பக்கம் இரவுக்குப் பொருந்துகிறது என்று அவர் காது அறிந்திருந்தது என்ற அளவுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

குழலுக்கு இருண்ட வரிசைகளை அவர் தவிர்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று 2010இல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில், லோதியன் பிரபுக் குடும்பத்தின் தாள்களுக்கிடையே, ஆண்ட்ரூ வூலி என்ற ஆய்வாளர் ஒரு விவால்டி குழல் கன்செர்ட்டோவைக் கண்டெடுத்தார். டி மைனரில் அமைந்த அதன் பெயர் ‘இல் கிரான் மொகோல்’: பெரிய முகலாயர். பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, முகலாயம் என்று நாட்டுக்கொன்றாக நான்கு கன்செர்ட்டோக்கள் 1759இல் நெதர்லாந்தில் ஒரு புத்தக வியாபாரியின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. நான்கில் கிடைத்திருப்பது இது மட்டும். டெல்லி அவையின் ஒலி எதுவும் இதில் இருக்குமென்று யாரும் எதிர்பார்த்துக் கேட்க வேண்டாம். அந்தக் கால வெனிஸுக்கு முகலாயர் என்பது ஆடம்பரமான ஒரு பெயர்.

‘இரவு’க்கு வருவோம். விரைவு, நிதானம், விரைவு என்ற மூன்று பகுதி கன்செர்ட்டோவை ஐரோப்பாவுக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் விவால்டியே. ஒரு கருத்தைக் குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும். இடையிடையே தனி வாத்தியம் தன் வித்தையைக் காட்டும். குழு மறுபடி அந்தக் கருத்தோடு வரும். இந்தத் திரும்பி வரும் பகுதிக்கு ரிட்டர்னெல்லோ என்று பெயர். கேட்பவருக்குக் கால் ஊன்ற இடம் கொடுப்பது அதுதான். ‘இரவு’ அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பத்து நிமிடத்துக்குள் ஆறு துண்டுகள்: மெதுவாக, வேகமாக, மெதுவாக, வேகமாக, மெதுவாக, கடைசியில் ஒரு முழு வேகப் பகுதி. எது எப்போது முடியும், அடுத்து என்ன வரும் என்று முதல்முறை கேட்பவரால் யூகிக்க முடியாது. விளக்கில்லாத வீட்டில் நடப்பவருக்கு இருக்கும் நிச்சயமின்மையை, கதை சொல்லாமல் வடிவத்தாலேயே கொடுத்துவிடுகிறார்.

தொடக்கத்தில் தந்திகள் எல்லாம் ஒன்றாக, நீண்டதும் குறுகியதுமாக நொண்டுகிற தாளத்தில் அடியெடுத்து வைக்கின்றன. அதற்குமேல் குழல் நுழைகிறது. அது பாட்டொன்றும் பாடுவதில்லை. ஒரு நீண்ட சுரம், அது நடுக்கமாக மாறி ட்ரில் ஆகிறது. இன்னொரு நீண்ட சுரம், மறுபடி நடுக்கம். நீண்ட சுரத்தை எப்படி ஊத வேண்டும் என்று குவான்ட்ஸ் தம் நூலில் விவரிக்கிறார்: மிக மெல்லத் தொடங்கி, நடுவரைக்கும் பெருக்கி, அங்கிருந்து முடிவு வரை தேய்க்க வேண்டும், பக்கத்தில் திறந்திருக்கும் துளையின் மேல் விரலால் லேசாகத் தட்டி அசைவு கொடுக்க வேண்டும். படிக்கச் சுலபம். ஒலியைப் பெருக்க காற்றைக் கூட்டினால் சுருதி ஏறும் என்று முன்பே பார்த்தோம். எனவே வாசிப்பவர் பெருக்கும்போது குழலை உள்பக்கம் உருட்டி சுருதியை இறக்கிக்கொண்டே வர வேண்டும், தேய்க்கும்போது வெளியே உருட்டி ஏற்ற வேண்டும். அசையாமல் நிற்பதுபோலக் காதில் விழும் ஒரு சுரத்துக்குள் உதடும் மணிக்கட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒரு கீ குழலில் இந்தப் பகுதியைக் கேட்கும்போது ஒரு பதற்றம் தொற்றுவதற்கு இதுவே காரணம். அந்தச் சுரம் எந்தக் கணமும் நழுவலாம்.

இரண்டாவது துண்டுக்கு ‘ஃபான்தாஸ்மி’, ஆவிகள், என்று தலைப்பு. சுரவரிசைகள் கீழிருந்து மேலே சீறிக்கொண்டு போகின்றன. தொடங்கிய வேகத்தில் அறுந்து நிற்கின்றன. இதில் வாசிப்புக் குழுக்கள் இன்று கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகின்றன. வில்லைத் தந்தியில் கீறி, பாலத்துக்குப் பக்கத்தில் உரசி, திகில் படத்துக்கு வாசிப்பதுபோல் வாசிக்கிறார்கள். ஒருமுறை கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தந்திகள் இவ்வளவு கூச்சலிட்டால் கீழ் ஸ்தாயியில் குழல் காணாமல் போய்விடும். ஸ்தாயி கீழிறங்க இறங்க இந்த வாத்தியத்தின் வலு குறையும் என்று தெரிந்துதான், தனி வாசிப்பு இடங்களில் அடித்தளத்து வாத்தியங்களை நிறுத்திவிட்டு, மேலே இரண்டு வயலின் மட்டும் துணைக்கு விடுவது போன்ற ஏற்பாடுகளை அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் செய்துவைத்தார்கள். பலவீனமான தனிக்குரலை நடுவில் வைத்துத் தந்திகளை அதற்கேற்ப ஒதுங்கச் செய்வதுதான் குழல் கன்செர்ட்டோவின் அடிப்படைத் தொழில்நுட்பம்.

அடுத்து வரும் மெதுவான துண்டும் வேகமான துண்டும் குறுகியவை. அவற்றைக் கடந்தால் ஐந்தாவது: ‘இல் சொன்னோ’, உறக்கம். படைப்பின் நடுநாயகம் இதுதான் என்பேன். தந்திகளுக்கு மியூட் போட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் சொருகும் அந்தச் சிறு கவ்வி, ஒலியின் விளிம்பை மழுக்கிவிடும். இராகம் என்று பாடிக்காட்ட இதில் எதுவும் இல்லை. நீண்ட சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கின்றன. ஒரு குரல் மட்டும் அரைச்சுரம் நகரும், மற்றவை அப்படியே இருக்கும், இசைவு மெல்லக் கசங்கி இன்னொன்றாகும். குழலும் அந்த அடுக்கில் ஒரு குரலாகக் கலந்துவிடுகிறது. தனிக் கலைஞருக்காக எழுதிய கன்செர்ட்டோவில், தனிக் கலைஞர் மறைந்துபோகும் இடம். மியூட் போட்ட தந்தியும் குறுக்கு விரலில் பிடித்த குழல் சுரமும் நிறத்தில் எவ்வளவு நெருங்கியவை என்பது, ஆட்டுக்குடல் தந்தியும் மரக்குழலும் சேர்ந்த வாசிப்பில்தான் தெரிகிறது. எது குழல், எது வயலின் என்று சில கணங்களுக்குப் பிரிக்க முடிவதில்லை.

இந்தப் பகுதியைக் கேட்டவுடன் எங்கோ கேட்டிருக்கிறோமே என்று பலருக்குத் தோன்றும். ‘நான்கு பருவங்கள்’ வயலின் கன்செர்ட்டோக்களில் ‘இலையுதிர்காலம்’ என்பதன் நடுப்பகுதியும் இதுவும் ஒரே இசைவுகளால் கட்டப்பட்டவை. அது 1725இல் எட்டாவது தொகுப்பில் அச்சானது. அங்கே உறங்குபவர்கள் அறுவடை விழாவில் குடித்துவிட்டு விழுந்தவர்கள். அதே இசைவுகள், அதே மியூட்; ஆனால் முன்னும் பின்னும் அறுவடை ஆட்டமும் வேட்டையும் இருப்பதால் அந்தத் தூக்கம் நிம்மதியானது. ‘இரவு’ப் படைப்பில் ஆவிகளுக்குப் பிறகு வரும் தூக்கத்தை நிம்மதி என்று சொல்ல மனம் வரவில்லை. இடம் மாற்றி வைத்ததால் பொருள் மாறியது. சரக்கை மறுபடி மறுபடி பயன்படுத்தினார் என்று விவால்டியைப் பழித்தவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

இன்றைய கன்செர்ட் குழலில் இது எப்படிக் கேட்கும்? மியூனிக் நகரத்து தேயோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உலோகக் குழல்தான் இப்போது உலகமெங்கும் இருப்பது. உருளைக் குழாய், ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் தனித் துளை, விரல் எட்டாத துளைகளைத் திறந்து மூடக் கீகளின் வலை. குறுக்கு விரல் அனேகமாகத் தேவையில்லை. எஃப்பும் எஃப் ஷார்ப்பும் ஒரே வலுவில் ஒலிக்கும். குவான்ட்ஸ் ஏங்கிய சமத்துவத்தை போம் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விவால்டி காலத்துக் குழல் கன்செர்ட்டோக்களைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுசேர்த்த பிரெஞ்சுக் கலைஞர் ழான் பியேர் ராம்பால் வாசித்ததும் இந்த வகைக் குழல்தான். அவரிடம் இருந்தது லூயி லோ 1869இல் செய்த தங்கக் குழல். அவர் இல்லாமல் நம்மில் பலருக்கு விவால்டியின் குழல் படைப்புகளே அறிமுகமாகியிருக்காது. அவர் ஒலி அழகானது. ஆனால் ஜி மைனரும் டி மேஜரும் அதில் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. நிழலை வாசிப்பவர் தாமே தேடிப் போட வேண்டும். அதிர்வைக் கூட்டியும் குறைத்தும், காற்றை மழுக்கியும். நல்ல கலைஞர்கள் போடுகிறார்கள். பார்த்தோல்ட் கைகன் போன்றவர்கள் ஒரு கீ மரக்குழலை மறுபடி கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கிய பின்புதான், அந்த நிழல் வாத்தியத்துக்குள்ளேயே இருந்தது என்பது பலருக்கும் தெரியவந்தது.

கடைசிப் பகுதி பற்றி ஒரு பூசல் இருக்கிறது. வேகமான, தாளக்கட்டான அலெக்ரோ அது. குழல் அதில் முதன்முறையாக ஒரு கன்செர்ட்டோக் கலைஞருக்கு உரிய விரல்வேகத்தைக் காட்டுகிறது. தலைப்பு எதுவும் இல்லை. உறக்கத்துக்குப் பின் வருவதால் இதை விடியலாகக் கொண்டு, எடை குறைத்து, பளிச்சென்று ஓட்டிவிடும் குழுக்கள் பல. விவால்டி ‘இரவு’ என்ற பெயரில் பஸ்ஸூனுக்கும் ஒரு கன்செர்ட்டோ எழுதியிருக்கிறார். பி ஃபிளாட் மேஜரில் அமைந்தது. அதிலும் ஆவிகள் உண்டு, உறக்கம் உண்டு. கடைசிப் பகுதிக்கு, வைகறை எழுகிறது என்ற பொருளில் ஒரு தலைப்பும் உண்டு. அதை இங்கே கடன் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. பஸ்ஸூன் படைப்பு மேஜரில் விடிகிறது. குழல் படைப்பின் இறுதிப் பகுதியோ ஜி மைனரில் தொடங்கி, ஜி மைனரிலேயே முடிகிறது. தந்திகள் அந்த வரிசையை விட்டு நெடுநேரம் விலகுவதும் இல்லை. வைகறை என்று தலைப்பிடத் தெரிந்த மனிதர் அந்தச் சொல்லை இங்கே எழுதாமல் விட்டதை மறதி என்று கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. பஸ்ஸூனின் காலைப்பொழுதைக் குழல் மேல் ஏற்றாமல், முதல் பகுதியின் நொண்டு தாளத்தில் இருந்த அதே அழுத்தத்தோடு, கொஞ்சம் நிதானமான வேகத்தில் வாசிக்கும் குழுக்களின் பதிவுகளில்தான் இந்த அலெக்ரோ மற்ற ஐந்து துண்டுகளோடு ஒட்டி நிற்கிறது.